அம்மா மூன்றாவது முறையும் விழுந்துவிட்டார். கட்டி வைக்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள்

பால்மரத்து மகள்
திங்கள், இரவு 10.12

எல்லாருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 81 வயது. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் 14 மாதங்களாக இருக்கிறார். நான் கிள்ளானில் வேலை செய்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். அம்மாவுக்கு நினைவு மங்கிக்கொண்டே வருகிறது. சில நாள் என்னை மகள் என்பார். சில நாள் தன் அக்காளின் பெயரைச் சொல்லி அழைப்பார்.

நேற்று விடியுமுன் மீண்டும் விழுந்துவிட்டார். முதல் முறை மணிக்கட்டு வீங்கியது. இரண்டாம் முறை நெற்றியில் ஐந்து தையல். இந்த முறை இடுப்பெலும்பு முறிந்திருக்குமோ என்று பயந்து ஈப்போவுக்குக் கொண்டு போனார்கள். படம் எடுத்துப் பார்த்ததில் முறிவு இல்லை, கன்றிப்போன காயம் மட்டும்தான். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

இன்று இல்லத்தின் பொறுப்பாளர் ஒரு தாளை நீட்டினார். இரவில் இடுப்பைத் துணியால் கட்டிலோடு கட்டுவதற்கும், பகலில் முன்பக்கம் பலகை பூட்டிய நாற்காலியில் உட்கார வைப்பதற்கும் நான் சம்மதிக்கிறேன் என்று அதில் எழுதியிருக்கிறது. அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். "அக்கா, நாலாவது முறை விழுந்தால் என்னால் உங்களுக்குப் பதில் சொல்ல முடியாது" என்று சொன்னபோது அவருக்கும் கண் கலங்கியது.

தாள் என் பையில் இருக்கிறது. 40 ஆண்டு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி என்னைப் படிக்க வைத்தவரைக் கட்டிப்போடுங்கள் என்று எப்படி எழுதிக் கொடுப்பேன்? கொடுக்காவிட்டால், இடுப்பு முறிந்து கிடக்கும் நாளில் என்னை நானே மன்னிப்பேனா? இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

தெலுக் இந்தான் மிசி
திங்கள், இரவு 11.40

தங்கச்சி, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நான் 34 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் தாதியாக இருந்தவள். அதில் பாதிக் காலம் முதியவர்கள் நிறைந்த வார்டுகளில் கழிந்தது. கட்டிப்போட்ட காலத்தையும் பார்த்திருக்கிறேன், கட்டை அவிழ்த்த காலத்தையும் பார்த்திருக்கிறேன். கட்டினால் விழுவது குறைவதில்லை. விழுந்தால் அடி பெரிதாகப் படுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். கட்டிலின் பக்கக் கம்பியை உயர்த்தி வைத்திருந்த ஒரு பெரியவர் அதன் மேல் ஏறித் தாண்டப் பார்த்தார். கம்பி இல்லாதிருந்தால் முழங்கால் உயரத்திலிருந்து சரிந்திருப்பார். இருந்ததால் இடுப்பு உயரத்திலிருந்து தலைகுப்புற விழுந்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. துணிக்கட்டு கழுத்துக்கு நழுவி மூச்சடைத்து இறந்தவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உண்டு. இன்னொன்று: ஒரே வாரம் நாற்காலியில் பூட்டி வைத்தாலும் தொடைத்தசை கரையத் தொடங்கும். அதன் பிறகு நீங்களே அவிழ்த்துவிட்டாலும் அம்மாவுக்கு நிற்பதே சிரமமாகும்.

முதியோர் விழுவதைத் தடுப்பது பற்றி 2022இல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி உலக வழிகாட்டி ஒன்றை வெளியிட்டார்கள். பராமரிப்பு இல்லத்தில் இருக்கும் ஒவ்வொருவரையும் விழும் அபாயம் அதிகம் உள்ளவராகவே கருத வேண்டும் என்று அதில் இருக்கிறது. கட்டி வைப்பதைத் தடுப்பு முறையாகக் கொள்ளக்கூடாது என்றும் இருக்கிறது.

இல்லத்தில் இருப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழுகிறார்கள். பல நாடுகளில் இதுதான் நிலை. ஆகவே "இனி விழவே மாட்டார்" என்று யாரும் உங்களுக்கு வாக்குத் தர முடியாது, தந்தால் நம்பாதீர்கள். ஆனால் யாரும் காரணமில்லாமல் விழுவதில்லை.

இனி நான் கேட்பதற்குப் பதில் தேடி வாருங்கள். மூன்று முறையும் எத்தனை மணிக்கு விழுந்தார்? எந்த இடத்தில், எங்கே போகும்போது? காலில் என்ன இருந்தது? என்னென்ன மாத்திரைகள், எந்தெந்த நேரத்தில் கொடுக்கிறார்கள்?

கெடா இல்லத்தான்
செவ்வாய், காலை 6.55

நானும் சிறிய இல்லம் ஒன்று நடத்துகிறேன், 22 பேர் இருக்கிறார்கள். மிசி அவர்கள் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் இரவு மூன்று மணிக்கு எங்கள் இல்லத்தில் இருப்பது இரண்டு பணிப்பெண்கள். ஒருவர் ஒருவருக்கு உடை மாற்றிக்கொண்டிருப்பார், மற்றவர் இன்னொருவரைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் மூன்றாவது அறையில் ஒரு பாட்டி எழுந்தால் யார் ஓடுவது? மாதம் 1,800 வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்தில், அதையும் மூன்று மாதம் பாக்கி வைக்கும் குடும்பங்களோடு, மூன்றாவது ஆளை நான் எங்கிருந்து வைப்பேன்?

விழுந்துவிட்டால் அதே குடும்பம்தான் வாசலில் வந்து நின்று, அம்மாவைக் கொல்லப் பார்த்தாயா என்று கேட்கிறது. அந்தப் பயத்தில்தான் பலர் கட்டுகிறார்கள். நானும் கட்டியிருக்கிறேன். மறைக்க விரும்பவில்லை.

பகாவ் மகன்
செவ்வாய், பிற்பகல் 1.20

இல்லத்துக்கார ஐயா, உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது. ஆனால் என் அப்பாவுக்கு நடந்ததையும் கேளுங்கள்.

அப்பா இருந்த இல்லத்தில் ஒரு மாலை குளியலறை வாசலில் விழுந்தார். இருவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, நாற்காலியில் உட்கார வைத்து, தைலம் தேய்த்து, இரவு சோறும் ஊட்டினார்கள். எங்களுக்குத் தகவல் சொல்லவில்லை. மறுநாள் மதியம் என் தம்பி எதேச்சையாகப் போனபோதுதான் ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடப்பதைப் பார்த்தான். தொடையெலும்பின் கழுத்து முறிந்திருந்தது. அறுவைச் சிகிச்சை ஆனது, ஆனால் அப்பா மறுபடி நடக்கவே இல்லை. நான்காம் மாதம் நெஞ்சில் சளி கட்டி இறந்தார்.

விழுந்ததற்கு நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அந்த ஓர் இரவையும் அரைநாளையும்தான் என்னால் மறக்க முடியவில்லை. வலியோடு உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறார். கேட்டபோதெல்லாம் "ஒன்றும் இல்லை" என்றாராம். தோட்டத்து ஆட்கள் அப்படித்தான். உளி கிழித்த கையில் துணி சுற்றிக்கொண்டு மிச்ச மரத்தையும் வெட்டி முடித்தவர்கள் வலிக்கிறது என்று சொல்வார்களா?

தெலுக் இந்தான் மிசி
செவ்வாய், இரவு 9.05

தம்பி, உங்கள் அப்பாவுக்கு நேர்ந்ததை இன்னொருவருக்கும் நேரவிடக் கூடாது. அதனால் விழுந்த பிறகு செய்ய வேண்டியதை எழுதுகிறேன். இங்கே படிக்கும் இல்லத்துக்காரர்கள் எழுதி எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

விழுந்தவரை உடனே தூக்காதீர்கள். தூக்க வேண்டும் என்றுதான் கை போகும், அதை அடக்குங்கள். தரையிலேயே, போர்வை போர்த்தி, பக்கத்தில் உட்காருங்கள். பெயர் சொல்லிப் பேசுங்கள். கழுத்து வலிக்கிறதா, தலை அடிபட்டதா என்று கேளுங்கள். இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ இருந்தால், அல்லது இடுப்பை அசைத்தாலே முகம் சுளித்தால், அசைக்காமல் 999க்கு அழையுங்கள். இடுப்பு முறிவுக்கு ஓரிரு நாளுக்குள் அறுவைச் சிகிச்சை நடந்துவிட்டால் எழுந்து நடக்கும் வாய்ப்பு கூடும். ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் நெஞ்சுச் சளிக்கும் படுக்கைப் புண்ணுக்கும் இடம் கொடுக்கிறது.

தலையில் அடி என்றால், வார்பரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து சாப்பிடுகிறாரா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். முதியவர்களுக்கு மூளையைச் சுற்றி இரத்தம் மெல்லக் கசியக்கூடும். இரண்டு மூன்று வாரம் கழித்துத் தூக்கமும் தடுமாற்றமுமாய்த் தெரியவரும்போது, விழுந்ததையே எல்லாரும் மறந்திருப்பார்கள். இந்தக் காரணத்துக்காகவே விழுந்த நாளைப் புத்தகத்தில் எழுத வேண்டும்.

வலிக்கிறதா என்று கேட்டு "இல்லை" என்ற பதிலோடு நிறுத்தாதீர்கள். முகத்தைப் பாருங்கள், கையை எங்கே வைத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். பகாவ் தம்பி சொன்னது முழு உண்மை. அந்தத் தலைமுறை வலியை வெளியே சொல்லப் பழகவில்லை.

குடும்பத்துக்கு அதே மணி நேரத்தில் சொல்லிவிடுங்கள். மறைப்பதுதான் சண்டையை வளர்க்கிறது.

பால்மரத்து மகள்
ஞாயிறு, மாலை 4.30

மிசி, நேற்றும் இன்றும் இல்லத்தில் உட்கார்ந்திருந்தேன். பொறுப்பாளர் பதிவுப் புத்தகத்தைக் கொடுத்தார். அவர் எழுதி வைத்திருந்ததற்கே நான் நன்றி சொல்ல வேண்டும்.

முதல் முறை விடியற்காலை 4.40. இரண்டாம் முறை 4.25. மூன்றாம் முறை 5க்குச் சற்று முன்பு. மூன்றும் கட்டிலுக்கும் அறைக் கதவுக்கும் இடையில்.

அந்த மணிகளைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். அம்மா என் சிறுவயது முழுவதும் எழுந்த நேரம் அது. நாலரைக்கு எழுந்து, கோப்பி கலக்கி, எங்களுக்குச் சோறு வைத்துவிட்டு, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போவார். பெயர் கூப்பிடும்போது அங்கே இல்லையென்றால் அன்றைய கூலி போய்விடும். தோட்டம் துண்டாடப்பட்டு, தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு வந்து 20 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அம்மாவின் உடம்பு மட்டும் இன்னும் அந்தப் பெரட்டுக் களத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கிறது.

இதைவிட என்னை உலுக்கியது இன்னொன்று. இரவு வேலை செய்யும் பெண் சுமாத்திராக்காரர், தங்கமானவர். அம்மா அடிக்கடி அதிகாலையில் "வெளிக்கு, வெளிக்கு" என்று கேட்பதாகச் சொன்னார். 'வெளியே' என்ற தமிழ்ச் சொல் அவருக்குத் தெரியும். அதனால் வெளியே போகக் கூடாது பாட்டி, வாசல் பூட்டியிருக்கிறது, படுங்கள் என்று மலாயில் சொல்லித் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவாராம். அம்மா கேட்டது கழிப்பறையை. தோட்டத்தில் எங்கள் எல்லாருக்கும் அதுதான் சொல். அடக்கிப் பார்த்துவிட்டு, முடியாமல், தானே எழுந்திருக்கிறார்.

நான் விளக்கிச் சொன்னதும் அந்தப் பெண் அழுதுவிட்டார். அவர் மீது எந்தத் தவறும் இல்லை. ஒரு சொல்லை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பழைய நிரை
ஞாயிறு, மாலை 6.10

மகளே, எனக்கு 74 வயது. ரப்பர் மரத்தில் பால் குளிர்ந்த நேரத்தில்தான் நன்றாக வடியும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்து, வெட்டில் உறைந்துவிடும். இருட்டோடு எழுவது எங்களுக்குத் தொழிலோடு வந்தது. வேலையை விட்டு இத்தனை ஆண்டு கழித்தும் எனக்கு நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அம்மாவைப் படு என்று சொல்ல வேண்டாம். எழுப்பி உட்கார வைத்து ஒரு கோப்பி கொடுக்கச் சொல்லுங்கள்.

மருந்தகத்துத் தம்பி
திங்கள், பிற்பகல் 12.45

அக்கா, மருந்துகளைப் பற்றி மிசி கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் எழுதவில்லை. பட்டியல் இருந்தால் போடுங்கள்.

பால்மரத்து மகள்
திங்கள், பிற்பகல் 1.30

தம்பி, மாலை ஆறு மணிக்குச் சிறுநீர் போவதற்கான மாத்திரை, புருசமைடு. இரவுச் சாப்பாட்டோடு நீரிழிவுக்குக் கிளிகிலசைடு. இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். படுக்கும்போது அரிப்புக்கு என்று ஒரு மஞ்சள் மாத்திரை, அதைச் சாப்பிட்டால் நன்றாகத் தூங்குகிறார் என்றார்கள்.

மருந்தகத்துத் தம்பி
திங்கள், இரவு 8.20

நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள் அக்கா. இந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு சுகாதார கிளினிக்கில் மருத்துவரைப் பாருங்கள். ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று நான் சொல்கிறேன்.

புருசமைடு குடித்து அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி ஆறு மணி நேரம்வரை நீரை இறக்கும். அதை மாலை ஆறு மணிக்குக் கொடுத்தால் நள்ளிரவுவரை எழுப்பிக்கொண்டே இருக்கும். தூக்கம் கெட்டவர்தான் விடியலில் தள்ளாடுவார். காலையில் கொடுக்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் கொடுக்கலாம்.

கிளிகிலசைடு சாப்பாட்டோடு சேர்ந்த மருந்து. இரவில் இரண்டு வாய் கஞ்சி மட்டும் குடித்துவிட்டுப் படுக்கிற பாட்டிக்கு அதே அளவு போனால், விடியற்காலையில் சர்க்கரை இறங்கிவிடும். 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம். ஒரு வாரம் அதிகாலை நாலு மணிக்கு விரல் குத்திப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். நம் நாட்டில் இந்தியர்களிடம்தான் நீரிழிவு மிக அதிகம், அதனால் சர்க்கரை ஏறிவிடுமோ என்ற பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. தளர்ந்த முதியவருக்கு அது இறங்குவதுதான் உடனடி ஆபத்து.

அந்த மஞ்சள் மாத்திரை குளோர்பெனிரமினாக இருந்தால், அது தூக்க மாத்திரையின் வேலையைத்தான் செய்கிறது. முதியவர்களுக்கு வேண்டாம் என்று எச்சரிக்கும் பியர்ஸ் பட்டியலில் அது நெடுங்காலமாக இருக்கிறது. வாய் உலரும், குழப்பம் கூடும், சிறுநீர் தேங்கும். நினைவு மங்கியவருக்கு இரட்டைக் கெடுதல். அரிப்புக்குக் காரணம் வறண்ட தோலாக இருந்தால் எண்ணெய் தேய்த்தாலே போதும்.

தெலுக் இந்தான் மிசி
திங்கள், இரவு 9.50

தம்பி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அம்மா ஐந்து நிமிடம் படுத்திருக்கும்போது இரத்த அழுத்தம் பார்த்து, எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், எழும்போது மூளைக்குப் போதிய இரத்தம் எட்டவில்லை என்று பொருள். கிளினிக்கில் உட்கார்ந்த நிலையில் ஒருமுறை மட்டும் பார்ப்பதால் இது தெரியாமலே போகிறது. அப்படி இருந்தால் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு, பாதத்தை மேலும் கீழும் ஆட்டி, சற்று நேரம் கழித்துத்தான் எழ வேண்டும்.

கைத்தாங்கல் காந்தி (இயன்முறைச் சிகிச்சையாளர்)
செவ்வாய், இரவு 10.30

இரவு வேலை முடிந்து இப்போதுதான் முழு இழையையும் படித்தேன். நான் ஈப்போவில் வேலை செய்கிறேன், சுற்று வட்டாரத் தோட்டப் பகுதிகளிலிருந்து வருகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

இடுப்பு முறிந்து வருகிறவரின் தொடையைத் தொட்டுப் பார்த்தால் எலும்பைவிடத் தசைதான் முதலில் தோற்றுப்போனது தெரியும். இல்லத்துக்கு வந்த நாளிலிருந்து உட்கார்ந்தே இருந்திருப்பார். காலையில் நாற்காலி, மதியம் நாற்காலி, மாலையில் தொலைக்காட்சி முன் அதே நாற்காலி. விழக்கூடாது என்று உட்கார வைக்கிறோம், உட்கார வைத்ததாலேயே விழுகிறார்கள். கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொல்லுங்கள். கை ஊன்றாமல் ஒருமுறைகூட எழ முடியவில்லை என்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். முதலில் கை ஊன்றி ஐந்து முறை, காலையும் மாலையும், பக்கத்தில் ஒருவர் நிற்க. சமையலறை மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது அடுத்தது. இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. விடாமல் செய்வதுதான் கடினம்.

அடுத்து, சாப்பாடு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எல்லா இல்லமும் நாளையே தொடங்கக்கூடியது இது. ஆஸ்திரேலியாவில் 60 முதியோர் இல்லங்களில், 7,195 பேரை வைத்து, இரண்டு ஆண்டுகள் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2021இல் வெளிவந்தது. பாதி இல்லங்களில் வழக்கமான உணவு. மறுபாதியில் பால், தயிர், பாலாடைக்கட்டி ஆகியவற்றைக் கூட்டிக் கொடுத்தார்கள். கூட்டிய இல்லங்களில் எலும்பு முறிவு 33 விழுக்காடு குறைந்தது, இடுப்பு முறிவு மட்டும் 46 விழுக்காடு, விழுவதே 11 விழுக்காடு. அவர்களுக்கு வைட்டமின் டி ஏற்கெனவே போதிய அளவு இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் இல்லங்களில் காலையில் ரொட்டியும் பால் இல்லாத தேநீரும், இரவில் கஞ்சியும் என்று ஓடுகிறது. ஒரு கோப்பை தயிரும் ஒரு முட்டையும் சேர்ப்பது நமக்குப் புதிதா? தயிர்ச்சோறு என்றால் பல் இல்லாத பாட்டியும் சாப்பிடுவார். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலணி பற்றி மிசி கேட்டிருந்தார். தேய்ந்த ஜப்பான் செருப்பை (ரப்பர் வார்ச் செருப்பை) இன்றே தூக்கி எறியுங்கள். குதிகாலைப் பிடிக்கும், அடிப்பகுதி வழுக்காத, தட்டையான காலணி வாங்குங்கள். கணுக்காலுக்குக் கீழே இறங்கும் கைலியை ஒரு சாண் குறைத்துத் தையுங்கள். எழும்போது அதன் ஓரத்தைத் தானே மிதித்து விழுந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

கெடா இல்லத்தான்
புதன், காலை 7.15

ஐயா, குளியலறைக்கு என்ன செய்வது? எங்கள் ஊர்க் குளியலறை எப்போதும் ஈரம். ஒருவர் மொண்டு ஊற்றிக் குளித்துவிட்டு வந்தால் அடுத்த இரண்டு மணி நேரம் தரை காய்வதில்லை. வாசலில் ஒரு படி வேறு. இன்னொரு கேள்வி: கட்டிலில் அழுத்தம் குறைந்தால் மணி அடிக்கும் விரிப்பு விற்கிறார்கள், வாங்கலாமா?

கைத்தாங்கல் காந்தி (இயன்முறைச் சிகிச்சையாளர்)
புதன், இரவு 9.40

மணி விரிப்புக்குப் பணம் போடும் முன் யோசியுங்கள். மணி அடிக்கும்போது அவர் எழுந்துவிட்டார். ஓடி வர ஆள் இல்லாத இடத்தில் அது ஓசை மட்டும்தான். அதை மட்டும் நம்பி விழுவது குறைந்ததாக நல்ல சான்று இல்லை. அந்தப் பணத்தில் கட்டிலின் காலை அறுத்துத் தாழ்த்துங்கள். உட்கார்ந்தால் பாதம் முழுவதும் தரையில் பதிய வேண்டும், அதுதான் அளவு.

குளியலறையில் கழிப்பறைக்குப் போகும் பாதையையும் குளிக்கும் பக்கத்தையும் ஒரு தாழ்ந்த திரையால் பிரியுங்கள். ஈரம் ஒரு பக்கமாவது நிற்கும். சுவரில் எஃகுப் பிடி பொருத்தும்போது கொத்தனாரை வைத்து ஆழமாக அடியுங்கள். துண்டு போடும் கம்பியைப் பிடித்து அதோடு சேர்ந்து விழுந்தவர்கள் உண்டு. வாசற்படியின் விளிம்பில் மஞ்சள் நாடா ஒட்டுங்கள். வெள்ளைத் தரையில் வெள்ளைக் கழிப்பறைத் தொட்டி, கண்புரை உள்ளவருக்குத் தெரியவே தெரியாது. உட்காரும் வளையத்தை மட்டும் அடர்நிறத்தில் மாற்றுங்கள். கட்டிலிலிருந்து அங்கே போகும் வழியில், அசைவு தெரிந்தால் எரியும் சின்ன விளக்கு இரண்டு.

ஆள் பற்றாக்குறையைப் பற்றி நீங்கள் எழுதியது என் மனத்தில் நிற்கிறது. இங்கிலாந்தில் 84 இல்லங்களில் நடந்த ஆய்வு ஒன்று அதே 2021இல் வந்தது. பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இவர் ஏன் விழுவார் என்று ஒரு கேள்விப் பட்டியலை வைத்துப் பார்க்கச் செய்தார்கள். ஆய்வில் சேர்ந்த பின் நாலாவது முதல் ஆறாவது மாதத்துக்குள், விழுவது மற்ற இல்லங்களைவிட 43 விழுக்காடு குறைவாக இருந்தது. இல்லத்திலேயே இருந்த பணியாளர்கள்தான் அதைச் செய்தார்கள்.

சித்தியவான் வாசகி
வியாழன், காலை 11.00

ஒரு சிறு கேள்வி. இல்லம் பதிவு பெற்றதா என்று எப்படிப் பார்ப்பது? என் மாமியாருக்குத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

கெடா இல்லத்தான்
வியாழன், பிற்பகல் 2.10

அம்மா, 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ் சமூக நல இலாகாவில் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழ் கேளுங்கள். மருத்துவத் தாதிமை தருகிறோம் என்று சொல்லும் இல்லத்துக்குச் சுகாதார அமைச்சின் உரிமம் வேண்டும்; அது 1998ஆம் ஆண்டுச் சட்டம். சான்றிதழைப் பார்த்த பிறகு, விழுந்தவர்களை எழுதும் புத்தகம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இந்த இழையைப் படித்த பிறகுதான் நான் அதை வைக்கத் தொடங்கினேன். ஒன்பது நாளில் மூன்று பேர். மூவரும் இரவுச் சாப்பாடு முடிந்த ஒரு மணி நேரத்துக்குள், கழிப்பறைக்குப் போகும் வழியில்.

தெலுக் இந்தான் மிசி
வியாழன், இரவு 8.00

பாருங்கள், ஒன்பது நாளிலேயே உங்களுக்கு ஒரு தடம் கிடைத்துவிட்டது. வயிறு நிறையச் சாப்பிட்டதும் முதியவர்கள் பலருக்கு இரத்த அழுத்தம் இறங்கும். எல்லாரையும் சாப்பாட்டுக்கு முன் கழிப்பறைக்கு அழைத்துப் போய்விடுங்கள். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் ஒரு பணிப்பெண் கூடத்தை விட்டு நகரக் கூடாது. பாத்திரம் பிறகு கழுவலாம்.

பால்மரத்து மகள்
ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.15

உங்கள் எல்லாருக்கும் கடன்பட்டிருக்கிறேன். நடந்ததை எழுதுகிறேன்.

தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்தேன். பொறுப்பாளரோடு உட்கார்ந்து இந்த இழையை முழுவதும் படித்துக் காட்டினேன். முதலில் முகம் இறுகியது. பகாவ் அண்ணன் எழுதியதைப் படித்தபோது அவரே நிறுத்தச் சொல்லித் தண்ணீர் குடித்தார்.

அதிகாலைச் சர்க்கரையை ஏழு நாள் பார்த்தார்கள். இரண்டு நாள் 4க்குக் கீழே, ஒரு நாள் 3.4. மருத்துவர் கிளிகிலசைடைக் குறைத்தார், புருசமைடைக் காலைக்கு மாற்றினார், மஞ்சள் மாத்திரையை நிறுத்தினார். முதல் நாலு இரவு அம்மா தூங்கவில்லை, எல்லாரையும் படுத்தினார். பிறகு தூங்கினார். நின்று பார்த்ததில் அழுத்தம் 24 இறங்கியது; அதற்கு மாத்திரையை மாற்றிப் பார்க்கிறார்கள்.

இப்போது நாலே காலுக்கு அந்தச் சுமாத்திராப் பெண் அம்மாவை எழுப்பிவிடுகிறார். அம்மா எழும் முன்பே இவர் எழுப்புகிறார். கழிப்பறைக்குப் போய் வந்து, முன்கூடத்தில் விளக்கைப் போட்டு, பால் கோப்பி கொடுத்து உட்கார வைக்கிறார். நான் ரப்பர்ப் பால் பிடிக்கும் பழைய மங்குகள் பன்னிரண்டு கொண்டு போய்க் கொடுத்திருக்கிறேன். அம்மா மடியில் துணி விரித்து ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்குகிறார். ஐந்தரைக்குக் கண் அயர்ந்தால் அங்கேயே சாய்ந்துகொள்கிறார்.

விழுவது நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. சென்ற வாரம் பகல் பதினொன்றுக்கு இல்லத்துத் தோட்டத்தில், துளசிச் செடிக்குக் குனிந்தபோது சரிந்து உட்கார்ந்துவிட்டார். முழங்கையில் சிராய்ப்பு. என்னைப் பத்து நிமிடத்தில் அழைத்துச் சொன்னார்கள். தூக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, கால்களைப் பார்த்த பிறகுதான் எழுப்பினார்களாம். அன்று நான் பயந்தேன், ஆனால் கோபப்படவில்லை. துளசிக்குப் போகக் கூடாது என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. செடியைத் தொட்டியில் வைத்து இடுப்பு உயரத்துக்கு ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.

தோட்டத்து அம்மாக்கள் சொல்லும் சொற்களை, மலாய் எழுத்தில் உச்சரிப்பும் மலாய்ப் பொருளும் போட்டு ஒரு அட்டையில் எழுதி ஒட்டினேன். முதல் சொல் 'வெளிக்கு'. பிறகு வலி, தலைச்சுற்று, தாகம், மயக்கம், பயம்.

கெடா இல்லத்தான்
ஞாயிறு, இரவு 9.50

தங்கச்சி, அந்த அட்டையைப் படம் எடுத்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்புவீர்களா? எங்களிடம் தமிழ்ப் பெரியவர்கள் 11 பேர். பணிப்பெண்கள் நால்வருக்கும் தமிழ் தெரியாது.

பால்மரத்து மகள்
ஞாயிறு, இரவு 10.05

நாளைக்கு அனுப்புகிறேன் அண்ணா. இன்றிரவு இன்னொரு சொல்லைச் சேர்க்க வேண்டும், 'குளிர்'. நேற்று அம்மா அதைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தப் பெண் குளிக்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துத் துண்டை எடுத்து வந்திருக்கிறார்.